தாயார் கழுவிய முகம்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஐந்து, நிலைத்தது மூன்று. நாத்தனார் விட்டுப்போன பெண் குழந்தையையும் சேர்த்து நான் வளர்த்தது நான்கு. நால்வருக்கும் கல்யாணம் செய்து கரையேற்றினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. யார் முன்னாலும் அழுததும் இல்லை. என் வீட்டுக்காரர் போனபோதுகூட, வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் நின்றேனே தவிர, ஒரு சொட்டு விடவில்லை. "கல்லு மாதிரி நின்னா பாரு" என்று ஊரில் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமைதான்.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் வராது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி பவானி எழுதுகிறாள். நான் பேசுகிற பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றுகிறாள். மாற்றட்டும். விஷயத்தை மாற்றாமல் இருந்தால் சரி.

ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நம் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைப் பெண்களான உங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். முதல் விளக்கை ஏற்றுகிறவள் நான்தான். திருச்சானூரில் இருக்கிற நம் அலமேலு மங்கைத் தாயார் என் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இருந்த இருப்பையும் சொல்ல வேண்டுமே.

கொரோனா வந்த முதல் கோடை அது. பஸ் இல்லை, ரயில் இல்லை. பறிக்க ஆள் இல்லாமல் மாங்காய் மரத்திலேயே பழுத்து விழுந்துகொண்டிருந்தது. என் பெரிய மகன் முருகேசனுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வழியெல்லாம் அடைத்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் நான், மருமகள் லலிதா, அவள் மகள் பவானி. மூன்று பெண்பிள்ளைகள்.

லலிதா காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்குப் பெண். பதவிசானவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைக் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு கல் உப்பு போட்டதில்லை. அவள் குணம் ஒரு பக்கம். நான் அப்படி வைத்திருந்தது இன்னொரு பக்கம்.

ஒரு நாள் காலையில் என் இடது நெற்றியில் வலி எடுத்தது. தலைவலி மாதிரி இல்லை. மிளகாயை அரைத்துத் தோலுக்கு அடியில் பூசிய மாதிரி எரிந்தது. சீப்பு பட்டால்கூட உயிர் போனது. பிறகு கொப்புளம் கிளம்பியது. நெற்றியில் வரிசையாக வந்து, புருவத்தில் இறங்கி, மூக்குப் பக்கமாக வழிந்து வந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கி.

அக்கி வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். மண்பானை செய்கிறவர்கள் வந்து காவி எழுதுவார்கள். காவிக்கல்லை உரசிக் குழைத்து, கொப்புளம் இருக்கிற இடம் முழுக்கப் பூசி, மேலே சிங்கத்தின் உருவம் எழுதுவார்கள். அது தானாக உதிர வேண்டும். நடுவில் தண்ணீர் படக்கூடாது, பட்டால் அக்கி சீறும் என்பார்கள். என் மாமியாருக்கு இடுப்பில் எழுதி ஆறியதை நானே பார்த்திருக்கிறேன்.

பானை செய்கிற கன்னியப்பனை வரச்சொன்னேன். வாயில் துண்டு கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு விடியற்காலையில் வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, நெத்தியோட நிறுத்திக்கறேன். கண்ணுக்குக் கிட்ட கீது. எங்க நைனாவே கண்ணுகிட்ட எழுத மாட்டாரு."

"உங்க நைனா எங்க வீட்டுச் சோறு துன்னவருடா. எழுது. மூக்கு வரைக்கும் இழு."

"அப்புறம் என்ன சொல்லக்கூடாதுக்கா."

"உன்ன இன்னாடா சொல்றது? தாயார் பாத்துக்குவா. நீ எழுது."

எழுதினான். நெற்றி, புருவம், கன்னத்து மேடு, மூக்கின் நுனி வரைக்கும் காவி. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் பாதி நான், பாதி வேறு யாரோ.

அன்றிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜுரம் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு ஒரு பெண் வரும். முகத்தில் இப்படி இருப்பதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? கொரோனா என்று திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றி அனுப்பிவிட்டால்? அனுப்பினார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால்? "விரதத்துல கீறாங்கன்னு சொல்லு" என்று லலிதாவிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே போய்ச் சொன்னாள். விளக்கு பூஜைப் பெண்கள் வாசலில் நின்று "அம்மா சௌக்கியமா?" என்று கேட்டபோதும் அதே விரதம்தான். இல்லாத விரதத்துக்கு என் வாசலில் வைத்துவிட்டுப் போன பூவை நான் வாங்கிக்கொண்டேன்.

வலி குறையவில்லை. கண் வீங்கியது. ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஊசி இறங்கியது.

நகரியில் எங்கள் குடும்பம் எப்போதும் போகிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அந்தச் சமயம் அவர் ஆஸ்பத்திரியைச் சாத்திவிட்டு, வீட்டிலிருந்தே போனில் முகம் பார்த்து வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். லலிதா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அத்தம்மா, ஒருவாட்டி டாக்டரம்மாகிட்ட வீடியோல காட்டலாமா?"

"நாடி புடிக்காம, நாக்கப் பாக்காம, கண்ணாடிக்குள்ள உக்காந்துகினு வைத்தியம் பாப்பாளா அவ? எலும்பு ஒடிஞ்சா கட்டு கட்டறதுக்கு எங்கிருந்தெல்லாமோ நம்ம புத்தூருக்கு வராங்க. நமக்குப் போன்ல வைத்தியமா?"

"புத்தூர்லயும் தொட்டுப் பாத்துதானே அத்தம்மா கட்டுவாங்க. இப்ப நம்மள யாரு தொடுவாங்க?"

அவள் சொன்னது நியாயம். நியாயம் என்று தெரிந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் முருகேசன் போனில் கெஞ்சினான் என்பதற்காக ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினேன். பூ வைத்தேன். வலது கன்னத்துக்கு மஞ்சள் பூசினேன். போட்டோ பிடிக்கப் போகிறவள் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காவி இருக்கிற பாதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். நோயைக் காட்டப் போகிறவள் நோயை ஒளித்துக்கொண்டு போனேன்.

போனில் டாக்டரம்மா முகம் வந்தது. தெலுங்கில் பாட்டி என்று கூப்பிட்டு நலம் விசாரித்தார்.

"அவ்வா, பாகுன்னாரா? என்ன பண்ணுது?"

"தலவலி. வேற ஒன்னும் இல்ல."

"எந்தப் பக்கம்?"

"பக்கம்லாம் இல்ல. பொதுவா."

போனைப் பிடித்திருந்த லலிதா தாங்கமாட்டாமல், "இல்ல மேடம், இடது பக்கம். நெத்தி, கண்ணு எல்லாம்" என்றாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

"முந்தானைய எடுங்க அவ்வா. நான் பாக்கணும் இல்ல?"

எடுத்தேன். டாக்டரம்மா போனுக்குக் கிட்ட வந்துவிட்டார்.

"அய்யோ, இது என்ன, ரத்தமா?"

"காவி. அக்கிக்கு எழுதினது."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"எழுதினது எழுதினதா இருக்கட்டும் அவ்வா. அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். நீங்க நேர்ல வந்திருந்தா நான் தொட்டுப் பாத்திருப்பேன், லைட் அடிச்சுப் பாத்திருப்பேன். இப்ப இந்தப் போன்ல எனக்குத் தெரியறதுதான் வைத்தியம். அதையும் நீங்க மூடிட்டா நான் என்ன செய்ய? கழுவிட்டு மறுபடி காட்டுங்க. கண்ணு கூசுதா? மங்கலா இருக்கா?"

"இல்ல" என்றேன்.

கூசிக்கொண்டுதான் இருந்தது. மங்கலாகத்தான் இருந்தது. கண் கெட்டுவிட்டது என்று சொன்னால் கிழவி ஆகிவிட்டேன் என்று ஆகிவிடும் போல் இருந்தது எனக்கு. வைத்தியம் பார்க்க வந்தவரிடமே பொய். என் வெட்கத்திலெல்லாம் பெரிய வெட்கம் அந்த ஒரு 'இல்ல'தான்.

"காவியக் கழுவ மாட்டேன். போன வை லலிதா" என்று எழுந்துவிட்டேன். "இன்னைக்கே கழுவிக் காட்டுங்கம்மா" என்று போனுக்குள்ளிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நேராகப் பூஜை அறைக்குப் போனேன். தாயார் படத்துக்கு முன்னால் நின்று பேசினேன். கும்பிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உத்தரவு போட்டேன் என்பதுதான் உண்மை. "தாயே, அவ கழுவச் சொல்றா. நான் கழுவினா அக்கி சீறும். கழுவாம வுட்டா கண்ணுக்கு இன்னாமோ ஆயிடும்ன்ற மாதிரி இவங்க பயமுறுத்தறாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல. இது போகணும்னா நீயே கழுவு. என் கையால நான் கழுவ மாட்டேன்."

உலகத்தைப் படைத்தவளிடம் வேலைக்காரியிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு வந்து படுத்தேன். படுத்தால் தலையணை பட்டு எரிகிறது. உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. மாலை வரைக்கும் அப்படியே கிடந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. என்ன ஆனாலும் வீட்டு விளக்கை நான்தான் ஏற்றுவேன். லலிதா ஏற்ற வந்தாள். "நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டு அனுப்பினேன். திரியைப் போட்டு எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் தரையில் ஓடியது. விளக்கு இந்தப் பக்கம் இருக்க, நான் அந்தப் பக்கம் ஊற்றியிருக்கிறேன். தீக்குச்சியைக் கிழித்தேன். திரி கிடைக்கவில்லை. வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் விளக்கே இல்லை. தாயார் படம் இல்லை. புகை மாதிரி ஏதோ ஒன்று நின்றது.

குச்சி விரலைச் சுட்டது. நான் ஊருக்கெல்லாம் முதல் விளக்கு ஏற்றுகிறவள். என் வீட்டு விளக்கின் திரி எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போது அழுகை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு அழாதது, போன குழந்தைகளுக்கு அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. எண்ணெய் ஓடிய தரையிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி ஓ என்று அழுதேன். உத்தரவு எல்லாம் போய்விட்டது. "தாயே, என்ன வுட்டுடாத" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

சத்தம் கேட்டு லலிதா ஓடிவந்தாள். வந்தவள் என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் அழுது அவள் பார்த்ததில்லை. முகத்தை மூட முந்தானையைத் தேடினேன். அது எண்ணெயில் கிடந்தது.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்தாள். டாக்டரம்மாவை அழைத்தாள். அப்படியே என் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டாள். தலை கலைந்து, மூக்கு ஒழுகி, காவி கரைந்து வழிகிற முகம். அதை ஒரு படித்த பெண் பார்க்கிறாள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"வேணாண்டி, மூடு" என்று கையை ஆட்டினேன்.

"ஆட்டாதீங்க அவ்வா! அப்படியே இருங்க!" டாக்டரம்மா குரல் மாறியிருந்தது. "லலிதா, இன்னும் கிட்ட. மூக்கு. மூக்கு நுனியைக் காட்டு."

இடது கண்ணிலிருந்து வழிந்த கண்ணீர் மூக்கின் ஓரமாகவே ஓடி, நுனி வரைக்கும் காவியைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. மற்ற இடமெல்லாம் சிவப்பு அப்படியே இருக்க, அந்த ஒரு வழி மட்டும் தோல் தெரிந்தது. அந்த நுனியில் கொப்புளங்கள் இருந்தன.

"அவ்வா, கேளுங்க. அக்கி மூக்கு நுனிக்கு வந்தா அது கண்ணுக்குள்ளயும் போயிருக்கலாம். அந்த ரெண்டுக்கும் ஒரே நரம்பு. இப்ப உண்மையச் சொல்லுங்க. மங்கலா இருக்கா?"

"ஒன்னும் தெரியலம்மா" என்றேன். "வெளக்கு தெரியல."

அதைச் சொன்னதும் மார்மேல் இருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா மளமளவென்று வேலை செய்தார். மாத்திரைச் சீட்டைப் போனிலேயே அனுப்பினார். விடிந்ததும் திருப்பதியில் கண் டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்றார். வழியில் போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்கு ஒரு கடிதம் அனுப்பினார். கண் டாக்டரிடமும் தானே பேசி வைத்தார். லலிதா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நகரி மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தாள். பின்னால் முருகேசனோ பவானியோ இல்லாமல், தனியாக அவள் அதற்கு முன் தெருமுனை தாண்டியதில்லை. தாண்ட நான் விட்டதில்லை.

வந்தவள் தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தம்மா, கண்ண மூடிக்கோங்க."

"அக்கி சீறினா?"

"ஏற்கனவே தாயார் பாதி கழுவிட்டாங்க. மீதிய நான் கழுவறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் நான் பூஜை அறையில் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருக்கலாம். நான் இன்று வரை விசாரிக்கவில்லை. "நீயே கழுவு" என்று தாயாரிடம் திமிரோடு கேட்டேன். அவள் கழுவினாள். குடத்துத் தண்ணீர் எடுக்கவில்லை, மழையை அனுப்பவில்லை. எதை நான் யாருக்கும் காட்ட மாட்டேன் என்று அடக்கி வைத்திருந்தேனோ அதை எடுத்துக் கழுவினாள். காட்ட வேண்டிய இடம் எதுவோ அதை மட்டும் கழுவிக் காட்டினாள்.

மறுநாள் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து திருப்பதிக்குப் போனோம். பட்டுப் புடவை இல்லை. எண்ணெய்ப் பிசுக்குத் தலை. வழியில் நிறுத்திய போலீஸ்காரர் கடிதத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, "வெள்ளம்மா, வெள்ளு" என்று போகச் சொல்லிக் கையெடுத்து வழிவிட்டார். ஆளே இல்லாத ரோட்டில், முன்னால் ஏழுமலை மட்டும் நின்றது. ஒரு கண்ணால் பார்த்துக் கும்பிட்டேன்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் புண் ஆரம்பித்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பார்வையை மீட்பது கஷ்டம் என்றார். சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்தார். மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது என்றார். திரும்பி வரும்போது திருச்சானூர்ப் பக்கம் கோயில் சாத்தியிருக்கிறது என்றார்கள். நான் வண்டியிலிருந்தே அந்தத் திசைக்குக் கையைக் குவித்தேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. மறுபடியும் அழுதேன். லலிதா பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அதற்கப்புறம் கண் ஆறுகிற வரைக்கும் டாக்டரம்மா போனிலேயே என்னைப் பார்த்தார். கிட்ட, தூர, மேலே, கீழே என்று காட்டச் சொல்வார். நான் காட்டுவேன். ஒருநாள், "அவ்வா, அந்த அரக்குப் பட்டு எங்க, இன்னைக்குக் கட்டலியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"அது கல்யாணத்துக்கும்மா. உங்களுக்கு இந்த நூல் பொடவ போதும்" என்றேன். லலிதா வாய்விட்டுச் சிரித்தாள். என் எதிரில் அவள் அப்படிச் சிரித்ததும் அதுதான் முதல் தடவை.

அந்தக் கண்ணில் இன்றும் லேசாக மூட்டம் உண்டு. ஆனால் திரி தெரிகிறது. தாயார் முகம் தெரிகிறது. அது போதும்.

ஒரு தடவை டாக்டரம்மாவிடம் தாயார் கழுவியதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "அந்த நோய் வந்தா கண்ணுல தண்ணி வழியும் அவ்வா" என்றார். அவர் படித்தவர், அவர் சொல்வதில் நான் குறுக்கே பேசவில்லை. ஆனால் அன்று என் வலது கண்ணும் அழுதது. அதற்கு ஒரு நோயும் இல்லையே.

கன்னியப்பன் பிறகு வந்தான். வாசலிலேயே நின்று, "கோவமாக்கா?" என்றான். "நீ சொன்னதக் கேக்காதவ நான். உன்மேல இன்னாடா கோவம்?" என்று உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். இப்போது யாராவது முகத்தில் அக்கி என்று போனால், முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச்சொல்கிறான்.

அக்காமார்களே, தங்கைகளே, இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன்? இல்லாத விரதத்துக்கு உங்கள் கையால் பூ வாங்கினேன். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிலும் மூடி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். மார்பில் ஒரு கட்டி, காலில் ஆறாத புண், அடிக்கடி வருகிற மயக்கம் என்று எதையாவது முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, தாயார் பார்த்துக்கொள்வாள் என்கிறீர்கள். பார்த்துக்கொள்வாள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் எந்த வழியில் வருவாள் என்று நாம் சொல்லக்கூடாது. எனக்கு அவள் என் மருமகள் கையில் இருந்த போனில் வந்தாள். அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்ளாதீர்கள். போகிற வெட்கம் போகட்டும். போனதற்கு அப்புறம் பார்த்தால், அது இல்லாமலும் இருக்க முடிகிறது.

போன வெள்ளிக்கிழமை முதல் விளக்கை லலிதாவை ஏற்றச் சொன்னேன். அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். நான் திரியைத் தூண்டிக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். பவானி, எழுதினியா? சரி, இப்ப மொதல்லருந்து படிச்சுக் காட்டு. அழுத எடத்த வுட்டுட்டுப் படிக்காத. கொஞ்சம் சத்தமாவே படி கண்ணு, உங்கம்மா உள்ள அடுப்பாண்ட கீறா, அவளுக்கும் கேக்கட்டும்.